அம்மாவின் கன்னச் சிவப்பு

ஏப்ரல் 12

பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. விடைத்தாள் திருத்தும் முகாமும் முடிந்தது. இனி ஜூன் வரை தமிழாசிரியை பெனிட்டாவுக்கு வேலையில்லை. மெர்லினுடைய அக்கா பெனிட்டாவுக்குத்தான் வேலை. டாக்டர் சொல்வதை எல்லாம் ஒழுங்காகக் குறித்து வைக்க வேண்டும் என்று இதை எழுத ஆரம்பிக்கிறேன்.

நேற்று மதுரையில் சிறுநீரக டாக்டர் முத்துலிங்கம் நேராகவே சொல்லிவிட்டார். மெர்லினின் சிறுநீரகங்கள் இனித் தேறாது. டயாலிசிஸை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டலாம், மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் நல்லது. என் தங்கைக்கு முப்பத்தேழு வயது. இருபதில் வந்த லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். இத்தனை வருடம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இருந்தது, போன வருடம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்றார்.

"நான் இருக்கேன் டாக்டர்" என்றேன். ரத்த வகையும் ஒன்று.

தூத்துக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் மெர்லின் டாக்டர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "ஏன்க்கா டக்குனு சொல்லிட்ட? அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்லா" என்றாள். என் கணவர் சேவியர் கப்பலில் இன்ஜினியர். இப்போது பிரேசில் பக்கம் இருக்கிறார்.

"பிரேசில்ல இருந்து அவரு என்ன சொல்லப் போறாரு? சரிம்பாரு."

அவரும் அப்படியே சொன்னார்.

ஏப்ரல் 15

அப்பா வீட்டுக்கே பெட்டியோடு வந்துவிட்டேன். அப்பாவும் மெர்லினும் மட்டும் இருக்கிற வீடு. என் மகன் கோயம்புத்தூரில் கல்லூரியில் இருக்கிறான், என் வீட்டில் நான் தனியாக என்ன செய்வது?

மெர்லின் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். வெயிலில் போகக் கூடாத உடம்புக்கு அவளே தேடிக்கொண்ட தொழில். இன்று ஒரு ஞானஸ்நானத்துக்கு ஆர்டர். மாவை நான் அடித்துக் கொடுத்தேன். கையெல்லாம் மாவாகி, மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. காலையில் விரல் மடங்குவதே பாடாக இருக்கிறது. அத்தனை விடைத்தாள் திருத்தினால் வலிக்கத்தானே செய்யும்.

ஏப்ரல் 21

அலமாரியைத் துடைத்தபோது அம்மாவின் ஸ்டுடியோ படம் கிடைத்தது. நான் அதைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. அம்மா நாற்காலியில், மடியில் மெர்லின், பக்கத்தில் இரட்டைச் சடையோடு நான். அப்பா பின்னால் துறைமுகச் சீருடையில் நிற்கிறார். அம்மாவின் இரண்டு கன்னமும் சிவந்திருக்கின்றன.

தெருவே அந்தக் கன்னத்தைப் பற்றிப் பேசும். "ரெஜினா, எந்தக் கடையில பவுடர் வாங்குத?" என்று கேட்பார்கள். அம்மா பவுடரே போடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் துறைமுகக் கடற்கரைக்கு நடப்போம். அப்பா இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைக்குள் இழுத்து வரும் படகு அது. அவர் வேலை முடிந்து வரும்வரை நாங்கள் மணலில் இருப்போம். அம்மா அவித்த நிலக்கடலையை உரித்து உரித்து எங்கள் வாயில் போடுவாள். வீடு திரும்பும்போது அவள் கன்னம் செம்பருத்தி மாதிரி இருக்கும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவார். எனக்கு அப்போதே அது புரிந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கடைசி வருடம் அம்மாவுக்குக் கால் வீங்கும். அதையும் நாங்கள் விளையாட்டாக்கினோம். அம்மா காலை நீட்டி உட்கார்வாள், நான் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்துவேன், குழி விழும். அது மெதுவாக மேலே வரும். யார் குழி அதிக நேரம் நிற்கிறது என்று எனக்கும் குட்டி மெர்லினுக்கும் போட்டி. அம்மா சிரித்துக்கொண்டே கால் மாற்றிக் கொடுப்பாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட்டாள். ரத்தசோகை என்றார்கள். காமாலை என்றார்கள். கண்ணேறு என்றும் சொன்னார்கள்.

ஏப்ரல் 26

மதுரை. ஆயிரம் பரிசோதனை. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, இதயம். நஸ்ரின் என்று ஒரு பெண், லூபஸ் குடும்பங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம், தன் பங்குக்கு என்னிடமும் மெர்லினிடமும் கொஞ்சம் ரத்தம் கேட்டாள். "ஒரே குடும்பத்துல ஒருத்தருக்குச் சிறுநீரகம் கெடுது, ஒருத்தருக்குக் கெடலை. ஏன்னு பார்க்கிறோம் மேடம்" என்றாள்.

"எடுத்துக்கோம்மா. கெடாத ஆளு நான்தான்" என்று கையை நீட்டினேன்.

மே 3

குளியலறைக்குப் புது ஃபினாயில் வாங்கினேன். கழிவறையில் ஒரே நுரை. பழையதே தேவலை.

மே 9

டாக்டர் அலுவலகத்திலிருந்து போன். சிறுநீர்ப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டுமாம், புரதம் வெளியேறுவதாக வந்திருக்கிறதாம். யாருடைய குப்பியோ மாறியிருக்கும். மெர்லினிடம் சொல்லவில்லை. அவள் இன்று டயாலிசிஸ் முடிந்து வந்து துவண்டு கிடக்கிறாள்.

சீப்பில் கொத்தாக முடி. இந்தத் தண்ணீருக்கு யாருக்குத்தான் கொட்டாது?

மே 13

மறுபடியும் அதே முடிவு. டாக்டர் முத்துலிங்கம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். காலையில் விரல் விறைக்கிறதா? வாயில் புண் வருமா? முடி கொட்டுகிறதா? வெயிலில் போனால் தோல் எரியுமா?

"தூத்துக்குடி வெயில் யாருக்கு டாக்டர் எரியாது?"

அவர் சிரிக்கவில்லை. "எதுக்கும் வேற சில ரத்தப் பரிசோதனையும் எழுதறேன்" என்றார்.

"சீக்கு அவளுக்கு டாக்டர். எனக்கு எதுக்கு?"

எழுதிக் கொடுத்துவிட்டார். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 14

நாள் முழுக்கத் தூங்கினேன். பஸ் பயண அலுப்பு.

மே 20

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாளாகத் தள்ளிப் போட்டேன்.

சனிக்கிழமை மாலை மெர்லின் கேக்குக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள்.

குழி நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்கு அம்மா மொகம் ஞாபகமில்லக்கா" என்றாள். "நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும். ஆனா இந்தக் குழி ஞாபகமிருக்கு."

"செருப்பு வார் இறுக்கம்ட்டி" என்றேன்.

"நீ வீட்டுக்குள்ள செருப்பா போட்டுருக்க?"

நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் போய் மறுபடி கேக் வெட்டினாள். ஓரம் கோணலாகப் போயிற்று. அவள் அப்படி வெட்டி நான் பார்த்ததே இல்லை.

மே 24

எனக்கும் லூபஸ்.

மே 25

நேற்று ஒரு வரிக்குமேல் வரவில்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். ரத்தப் பரிசோதனைகள் உறுதி செய்கின்றன. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய, சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். தானம் செய்வது இனிப் பேச்சுக்கே இல்லை.

"அப்பம் என் தங்கச்சிக்கு?" என்றேன்.

"முதல்ல உங்களைப் பார்ப்போம்மா."

எனக்கு அவர்மேல் கோபம். நஸ்ரின்மேல் கோபம். அந்த ஆஸ்பத்திரி நாற்காலிமேல்கூடக் கோபம். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொடுக்காமல் வருகிறவளாக ஆகிவிட்டேன். பஸ்ஸில் மெர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியவள்.

மே 31

சதை எடுத்துப் பார்த்தாயிற்று. சிறுநீரகத்தில் இறங்கியிருக்கிறது, ஆனால் ஆரம்பம். இப்போதே மாத்திரை தொடங்கினால் பல காலம் காப்பாற்றலாம் என்கிறார். இன்னும் ஒன்றிரண்டு வருடம் தெரியாமல் விட்டிருந்தால் மெர்லினின் நிலைதான் என்றும் சொன்னார்.

அதைக் கேட்டு மெர்லின் வார்டிலேயே சிரித்தாள். "பாத்தியாக்கா, நீ எனக்கு ஒண்ணு தாரேன்னு வந்த. நான் ஒனக்கு ரெண்டையும் காப்பாத்திக் குடுத்துருக்கேன். யாரு பெரிய ஆளு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்காகச் சிரித்தேன்.

மாத்திரை வாங்கியாயிற்று. நாளையிலிருந்து.

ஜூன் 5

பள்ளி திறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. சேலைகளுக்குக் கஞ்சி போட்டேன். மாத்திரை, திங்கட்கிழமையிலிருந்து.

ஜூன் 8

காலையில் எழுந்தால் அப்பாவைக் காணோம். கோவிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். மதியமும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. மெர்லின் துறைமுக வாசல் வரை ஆள் அனுப்பித் தேடினாள். சாயங்காலம் சட்டைக் கையை முழங்கைக்குமேல் மடித்துவிட்டு, கை மடிப்பில் பஞ்சு ஒட்டியபடி வந்து நின்றார்.

"எங்கப்பா போனீங்க?"

"மதுரைக்கு."

"தனியாவா? எதுக்கு?"

"டாக்டரப் பாக்கத்தான்" என்று சொல்லிவிட்டுச் செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். "என் ரத்தமும் ஒத்துப்போகும்னு சொல்லுதாரு. மத்த டெஸ்டும் குடுத்துட்டு வந்தேன். அந்த ஆராய்ச்சிப் பிள்ளையும் கொஞ்சம் எடுத்துக்கிட்டா."

மெர்லின் கத்தினாள். "அறுபத்தெட்டு வயசுல ஒங்கள வெட்டி எனக்கு வைக்கணுமா? எனக்கு வேண்டாம்ப்பா. டயாலிசிஸே போதும்."

அப்பா எப்போதும் அதிகம் பேசாதவர். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒங்கம்மாவுக்குக் கால் வீங்கினப்பம் நான் என்ன செஞ்சேன்னு தெரியுமா மெர்லின்? படகுல ஏறிப் போனேன். கப்பல் வந்துட்டுன்னா போயித்தானே ஆவணும். எவ்வளவு பெரிய கப்பலையும் இழுத்துக் கொண்டாந்து கட்டியிருக்கேன். அவளுக்கு என்ன செய்யணும்னு எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்ல. இப்பம் ஒரு டாக்டரு, இதைச் செய்யலாம்னு சொல்லுதாரு. செய்யாதன்னா எப்படி?"

மெர்லின் அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

ஜூன் 21

விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். அப்பாவின் எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது. "வயசு அறுபத்தெட்டுன்னு ஆதார் கார்டுதான் சொல்லுது, ரிப்போர்ட் சொல்லலை" என்றார் டாக்டர். அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு. படகு ஓட்டிய காலத்துச் சிரிப்பு அது.

வெளியே வந்ததும், எங்கள் ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று மெர்லின் கேட்க, நஸ்ரின் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். "இது ஆராய்ச்சி முடிவுதான், இதை வச்சு வைத்தியம் மாறாது. நீங்க கேட்டதால சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். உடம்புக்குள் சண்டை நடந்தால் குப்பை மிஞ்சும். அதைப் பிடித்து அள்ள வெள்ளணுக்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. கை மாதிரி. சிலருக்கு அந்த ஏற்பியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். கையின் பிடி தளர்ந்துவிடும். அள்ளாமல் விட்ட குப்பை ரத்தத்தோடு சுற்றிச் சுற்றி, வடிகட்டும் இடமான சிறுநீரகத்தில் போய்ப் படியும். ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறும் என்று நான் வகுப்பில் சொல்லாத நாள் இல்லை.

"அது இருந்தாலே லூபஸ் வரும்னு கிடையாது மேடம். நல்லா நடமாடுற எத்தனையோ பேருக்கு இருக்கு. வேற மரபணுக்கள், வெயில், இன்னும் எங்களுக்கே தெரியாததெல்லாம் சேரணும். இது ஒரு காரணம், அவ்வளவுதான்."

"எங்களுக்கு இருக்கா?" என்றாள் மெர்லின்.

"உங்க ரெண்டு பேருக்கும் இருக்கு. ஐயாவுக்கு இல்லை."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பாவுக்கு முதலிலேயே உறைத்துவிட்டது. "அப்பம் ரெஜினாட்ட இருந்து வந்திருக்கு" என்றார்.

அம்மாவிடமிருந்து யாரும் ரத்தம் எடுக்கவில்லை. அவள் நோய்க்கு யாரும் பேர் வைக்கவில்லை. அவள் போய் இத்தனை வருடம் கழித்து, எங்கள் மூன்று பேர் ரத்தத்தையும் வைத்து ஒரு பெண் அவளைப் பற்றி ஒன்று சொல்கிறாள்.

அலமாரியில் எடுத்த அந்தப் படத்தை நான் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். காட்டினேன். நஸ்ரின் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஒரு போட்டோவை வச்சு எதுவும் சொல்லக் கூடாது மேடம்" என்றாள். பிறகு மெதுவாக, மூக்கின் மேலிருந்து இரு கன்னத்துக்கும் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி படரும் அந்தச் சிவப்பு லூபஸில் வருவதுண்டு என்றும், வெயில் பட்டால் கூடும் என்றும் சொன்னாள்.

அப்பா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அவ வருஷத்துக்கு வருஷம் அழகாயிட்டு வாரான்னுல்லா நெனச்சேன்" என்றார்.

நஸ்ரின் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

வீட்டுக்கு வரும்வரை எனக்கு அந்தக் கடற்கரையே நினைவாக இருந்தது. இனி அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் வெயிலில் உட்கார்ந்த ஒரு நோயாளி மட்டும்தான் தெரிவாளோ என்று பயமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. சிவப்பு நோயாக இருக்கலாம். அவள் கடலை உரித்தது நோய் இல்லை. அப்பா பார்த்துக்கொண்டே நடந்தது நோய் இல்லை. வலித்த விரல்களால்தான் உரித்தாள் என்பது மட்டும் இப்போது புதிதாகத் தெரிகிறது. காலையில் விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமே.

சாப்பிட்டதும் மாத்திரையைப் பிரித்தேன். இதுவரை ஒன்றுகூடப் போடவில்லை என்பதை இன்றுதான் எழுதுகிறேன். மெர்லின் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அட்டை நிறைந்திருப்பதைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"கசக்கும். ஒடனே முழுங்கிரு" என்றாள்.

ஜூலை 2

மெர்லின் சம்மதித்துவிட்டாள். எப்படி என்று அப்பாவும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் பள்ளியிலிருந்து வந்தபோது இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து கப்பல்களின் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 24

நேற்று அறுவை சிகிச்சை.

காலையில் அப்பாவை முதலில் கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி, "பெனிட்டா, மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். அப்புறம் மெர்லின். கதவு மூடியதும் அந்த நடைக்கூடத்தில் நான் மட்டும். சேவியர் கப்பலிலிருந்து போன் போட்டு, ஒன்றும் பேசாமல், நானும் பேசாமல், இரண்டு பேரும் லைனில் இருந்தோம்.

சாயங்காலம் டாக்டர் முத்துலிங்கம் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்தார். "வச்ச உடனே சிறுநீர் வர ஆரம்பிச்சிடுச்சு" என்றார். நான் தமிழாசிரியை. எனக்கு அவ்வளவு கவிதை தெரியும். இந்த வாக்கியத்துக்கு அழுத மாதிரி எதற்கும் அழுததில்லை.

ஆகஸ்ட் 6

அப்பா எழுந்து நடக்கிறார். மெர்லின் வேறு அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அப்பா போய் நின்று கையாட்டினார். அவள் சைகையில் ஏதோ கேட்டாள்.

"என்னப்பா கேக்கா?"

"வலிக்குதான்னு கேக்கா."

"வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யுது" என்றார், கையாட்டிக்கொண்டே.

ஆகஸ்ட் 27

என் சிறுநீரில் புரதம் பாதியாகக் குறைந்திருக்கிறது. முகம் மட்டும் மாத்திரையால் உப்பிப்போய்விட்டது. வகுப்பில் ஒரு பிள்ளை, "மிஸ் குண்டாயிட்டீங்க" என்றாள். லூபஸ் என்று கரும்பலகையில் எழுதி, அது என்னவென்று சொன்னேன். அரை மணி நேரப் பாடம் போயிற்று. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் மணி அடித்தும் போகாமல் நின்றாள். அவள் அம்மாவுக்குக் கால் வீங்குகிறதாம். நாளை வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 14

இன்று மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். மெர்லின் முகக்கவசம் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் இருக்கிற ஊர்ப் பேரை எல்லாம் வாசித்துக்கொண்டே வந்தாள். புது ஆள் மாதிரி பசிக்கிறது என்று சொல்லி இட்லியை நடுவழியிலேயே காலி செய்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு நர்ஸ். எங்கள் பேர்களைக் கூப்பிட்டாள், மூன்று பேரும் ஒன்றாக எழுந்து போனோம். அவள் நிமிர்ந்து பார்த்து, "கூட்டமா வரக் கூடாதுங்க. இதுல பேஷண்ட் யாரு?" என்றாள்.

மெர்லின் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், தானும் தூக்கினார்.

"அப்ப கூட வந்தவங்க யாரு?"

"அதுவும் நாங்கதான்" என்றாள் மெர்லின்.

நர்ஸ் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அப்பாவை முன்னால் விட்டு நாங்கள் உள்ளே போனோம்.